சாத்தான்குளம் போகாத ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருந்தேன். என்னிடம் எட்டு வருடம் வேலை பார்த்த ஜெனிபா தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் இரண்டு பொத்தான்கள். 'முதலீட்டை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒன்று, 'ஆலோசகர் வேண்டும்' என்று மற்றொன்று.

"இதுல எத அமுக்கணும்னு ஆளாளுக்கு என்கிட்டக் கேக்குதாங்க சார். நீங்க இத்தன வருஷம் இதுலயே கெடந்திருக்கீங்க. என்ன சொல்லட்டும்?"

"ஆளப் பாத்துச் சொல்லு" என்றேன்.

"ஆளப் பாத்துச் சொல்லுததுக்கு நான் என்ன குறிகாரியா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் கோப்புகளை அட்டைப் பெட்டியில் அடுக்கினேன். இந்தக் கேள்வியை வைத்துத்தான் கால் நூற்றாண்டுக்கு மேல் சோறு தின்றிருக்கிறேன். இந்தக் கேள்வியால்தான் ஒரு மனிதரின் நுரையீரலுக்குத் துரோகமும் செய்தேன்.

என் பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் வணிகவியல் படித்தேன். ஒரு வருடம் தபால் ஆபீஸ் வாசலில் சேமிப்புப் பத்திரத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தேன். இன்னொரு வருடம் ஷேர் விண்ணப்பப் படிவங்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. அந்தப் படிவம் கிடைக்க ஜங்ஷனில் ஜனம் வரிசையில் நின்ற காலம். அதற்குப் பிறகுதான் காந்திமதி டீச்சரிடம் போய்ச் சேர்ந்தேன்.

டவுனில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அலுவலகம். படி ஏறும்போதே டிஞ்சர் வாசனை ஏறும். டீச்சர் பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, ஊரார் பணத்தை எங்கே போடலாம் என்று சொல்லும் வேலைக்கு வந்திருந்தார். கணக்கு டீச்சர் என்பதால் ஊர் அவரை நம்பியது. கணக்கு டீச்சர் என்பதால் பயப்படவும் செய்தது. எதிரே இருப்பவர் பேசத் தொடங்கியதும் கண்ணாடியைக் கழற்றுவார், சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடியும்வரை பேசலாம். கண்ணாடி மூக்கில் ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது.

அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சின்னக் கரும்பலகை. எந்தத் திட்டத்தில் ஒருவர் பணம் போட்டால் எங்களுக்கு எவ்வளவு கமிஷன் வரும் என்று அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும். வருகிறவர் கண்ணுக்கு நேரே. தொழிலில் வேறு யாரும் செய்யாத காரியம். "சட்டையக் கழத்திப்போட்டுட்டு யாவாரம் பண்ணுதியளே டீச்சர்" என்று பக்கத்துக் கடை ஏஜெண்டுகள் கேலி செய்வார்கள். "சட்டைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமத்தான ஜனம் பயப்படுது" என்பார் டீச்சர்.

இரண்டாவது காரியம் வெள்ளைத்தாள். யார் வந்தாலும், எவ்வளவு பெரிய ஆளானாலும், ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் தள்ளுவார். 'இந்தப் பணத்தில் பாதி போய்விட்டால், மறுநாள் காலையில் என் வீட்டில் என்ன நடக்கும்?' இதற்குப் பதிலை அவரவர் கைப்பட எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் வீட்டு ஆள் எழுத வேண்டும். நாங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கொதித்தே போனார்.

"பணம் போட வந்தவன்ட்டப் போயி, போயிரும்னு எழுதச் சொல்லுதீயளே! அபசகுனமால்லா இருக்கு!"

"பேப்பர்ல ஒருக்கா வந்துட்டுப் போட்டும் அண்ணாச்சி. வீட்டுக்கு வர வேண்டாம்."

எழுதியதைப் படித்த பிறகுதான் அடுத்த பேச்சு. "ரெண்டு வழி இருக்கு. நீங்களே பாத்துக்கிடலாம். என்னென்ன பாக்கணும்னு ஒரு மணி நேரம் சும்மாவே சொல்லித் தாரேன். இல்லன்னா நான் பாக்கேன். வருஷத்துக்கு இவ்வளவு கூலி." கட்டணம் என்று சொல்ல மாட்டார், கூலி என்றுதான் சொல்வார். பத்தில் எட்டுப் பேர் இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள். "நீங்களே பாருங்க டீச்சர். கூலி மட்டும் வேண்டாம்."

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை இசக்கிமுத்து அண்ணாச்சி படியேறி வந்தார். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் தொழிலாளி. இருபத்தேழு வருடம் இழைகளைச் சேர்த்து முறுக்கும் மெஷினில் நின்றவர். மூச்சு ஒத்துக்கொள்ளவில்லை. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மொத்தப் பணமும் பாங்கியில் கிடந்தது. எதிர்க்கடைக்காரர், மச்சினன், பாங்கி மேனேஜர் என்று ஆளுக்கொரு வழி சொல்லியிருந்தார்கள்.

வெள்ளைத்தாளை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் எழுதினார். நாலு வரி. 'பாதி போனால் கோமுவின் நர்ஸ் படிப்பு நிற்கும். நிற்க விட மாட்டேன். மறுபடி வேலைக்குப் போவேன். தூசியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.'

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாட்டவில்லை.

"என்ன செய்யலாம்னு இருக்கீய?"

"நானே பாக்கேன் டீச்சர். ஆனா ஒரு மணி நேரம் பத்தாது."

"எத்தன மணி நேரம் வேணும்?"

"தெரிஞ்சாத்தான சொல்ல முடியும்?"

டீச்சர் சிரித்தார். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. மூன்று வருடம் அவரிடம் வேலை பார்த்தவன் நான். அந்தச் சிரிப்பை ஒருமுறைகூட என்னால் கிளப்ப முடிந்ததில்லை.

பொறாமையில் வயிறு எரியும் என்பார்கள். எனக்குக் காது எரிந்தது. வியாழக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு அண்ணாச்சி வருவார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படிவம் நிரப்புவேன். அந்தப் பக்கம் டீச்சர் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை விரித்து வரிவரியாகச் சொல்லிக் கொடுப்பார். எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. "நீ படிச்சவன்தான, பாத்துக்கிடு ஆவுடை" என்று தூக்கிப் போடுவார். படிக்காதவருக்கு மட்டும் அவருடைய வியாழக்கிழமை முழுசாகக் கிடைத்தது. ஆற்றில் குளித்துவிட்டு வருகிறவன் உடம்பிலிருந்து சொட்டுகிற மாதிரி அவருடைய பேச்சு தடுப்பைத் தாண்டி என் பக்கம் சொட்டிக்கொண்டே இருக்கும். நனையக் கூடாது என்று நகர்ந்து உட்கார்வேன். நனைந்துவிடுவேன்.

ஒருநாள் அண்ணாச்சி ஒரு நிதி நிறுவனத்தின் வட்டி விளம்பரத்தைக் கொண்டுவந்தார். ஊரே அதில் பணம் போட ஓடிக்கொண்டிருந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"எங்க மெஷின்ல ஒவ்வொரு இழைக்கும் ஒரு சின்னக் கம்பி உண்டு டீச்சர். இழ அறுந்தா கம்பி விழும். விழுந்தா மெஷினு தானா நின்னுரும். இதுல நூல் அறுந்தா நிறுத்த யாரு இருக்கா?"

டீச்சர் எழுந்தார். கரும்பலகையின் வலது மூலையில் அதை எழுதினார். 'நூல் அறுந்தா நிறுத்த யாரு இருக்கா?'

நான் அந்த நாட்களில் கவிதை எழுதுவேன். மூன்று சிறு பத்திரிகைகளில் வந்திருந்தது. அதில் ஒன்றை டீச்சர் மேஜையில் வேண்டுமென்றே விரித்து வைத்தும் பார்த்திருக்கிறேன். அதன்மேல் அவர் டீ டம்ளரை வைத்தார். காலையில் கரும்பலகையைத் துடைப்பது என் வேலை. பலகை முழுக்கத் துடைப்பேன், அந்த ஒரு வரியைச் சுற்றித் துடைப்பேன். நாள்பட நாள்பட அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வேலியே கட்டிக்கொண்டது. நான் எழுதியிருக்க வேண்டிய வரி. பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு நின்ற ஒருவர் வாயிலிருந்து அது விழுந்துவிட்டது.

பிறகு தேக்கு வந்தது. கொஞ்சம் பணம் போட்டால் உங்கள் பெயரில் மரம் நடுவார்கள், இருபது வருடத்தில் மரம் வளர்ந்து பணம் பலமடங்காகும், நடுவில் வருடாவருடம் வட்டியும் உண்டு. வழவழப்பான புத்தகத்தில் பச்சைப் பசேலென்று படங்கள். தோட்டம் சாத்தான்குளம் பக்கம் என்று போட்டிருந்தது. கம்பெனி ஆள் டீச்சரிடம் வந்து கமிஷன் சொன்னான். டீச்சர் அதைப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு அவனையே பார்த்தார். "எங்களுக்கே இவ்வளவு தந்துட்டா மரத்துக்கு என்ன தம்பி மிச்சம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் காலை அதை நான் துடைத்தேன்.

அடுத்த வியாழன் டீச்சர் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அண்ணாச்சி வந்தார். கையில் அந்தப் பச்சைப் புத்தகம்.

"டீச்சர் இல்லியா தம்பி? இதப் பத்திக் கேக்கலாம்னு வந்தேன். மரம்னா ஒருமாரி ஆசையாத்தான் இருக்கு. ஆனா அங்கன முழுக்கச் செம்மணல் தேரி மேடும் பனையுமால்லா கெடக்கும்? தேக்கு எப்படி வரும்? ஞாயித்துக்கிழம ஒரு நட போயிப் பாத்துட்டு வந்திரலாம்னு இருக்கேன்."

அந்த நொடியை இன்று வரை எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். அவர் போவார். பனைமரத்தடியில் நின்று பார்ப்பார். வியாழக்கிழமை ஒரு வாக்கியத்தோடு திரும்பி வருவார். டீச்சர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பார். அதையும் பலகையில் எழுதுவார். நான் இரண்டு வரிகளைச் சுற்றித் துடைக்க வேண்டியிருக்கும்.

"எதுக்கு அண்ணாச்சி வீண் அலைச்சல்? டீச்சரே அதுல போட்டிருக்காங்க."

"டீச்சரா?"

"ஆமா. வெளிய சொல்லிக்கிட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீங்களும் கேட்டுக்கிடாதீய."

அவர் முகம் தெளிந்தது. புத்தகத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்பச் சரி. அவுக பாக்காமயா போட்டிருப்பாக."

அதில் எனக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது. அம்பாசமுத்திரத்தில் வேறு ஒரு ஏஜெண்ட் வழியாகத்தான் போட்டார். பாதிப் பணத்தை. அவர் ஒரு வாக்கியம் சொல்லாமல் இருந்தால் போதும், அதுதான் எனக்குக் கிடைத்த கமிஷன்.

நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்த மனிதர் அவர். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, கம்பி விழுகிறதா என்று பார்த்துத்தான் மீதியெல்லாம் செய்தார். ஒரே ஒரு இடத்தில் பார்க்காமல் விட்டார். டீச்சர் பெயரைச் சொன்ன இடத்தில். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தப் பெயரைச் சொன்னேன்.

அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் வியாழன்தோறும் வந்தார். தேக்கைப் பற்றி டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றினார். ஒவ்வொரு வியாழனும் உண்மையைச் சொல்லிவிட வாய் எடுப்பேன். பிறகு அந்தச் சிரிப்புக் கேட்கும். வாய் மூடிக்கொள்ளும்.

கம்பெனி பூட்டிக்கொண்டது பேப்பரில் வந்த வாரம் அவர் வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கையில் ஒரு பை சாத்துக்குடி. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போகும்போது வாங்குவோமே, அப்படி.

"டீச்சர், மனசுல வச்சுக்கிடாதீய. நமக்கு மட்டுமா, எத்தன பேருக்குப் போயிருக்கு."

"என்ன போச்சு அண்ணாச்சி?"

"தேக்குதான். ஒங்களுக்கும் போச்சேன்னு கேள்விப்பட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. என் பணம் கெடக்கட்டும்."

டீச்சர் கையில் கண்ணாடி இருந்தது. துடைக்கவில்லை.

"நான் போடலியே."

அண்ணாச்சி என் பக்கம் திரும்புவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திரும்பவில்லை. பழப் பையைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நாந்தான் தப்பாக் கேட்டிருக்கேன்" என்றார்.

"யாரு சொன்னா?"

"பஸ் ஸ்டாண்டுல யாரோ பேசிக்கிட்டாக டீச்சர். மொகம் ஞாபகம் இல்ல."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் பொய் சொல்கிறார். பாதி வாழ்க்கை போன அந்த நேரத்தில்! வெட்கத்துக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. இந்தப் பெருந்தன்மை இருக்கிறதே, இதுவும் என்னிடம் இல்லாத ஒன்று. அந்த எரிச்சல் தாங்காமல்தான் எழுந்தேனோ என்னவோ.

"நான்தான் சொன்னேன் டீச்சர்."

திட்டுவார் என்று நின்றேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"எழுது. நாளைக்குக் காலைல இவரு வீட்டுல என்ன நடக்கும்?"

"எனக்குத் தெரியாது டீச்சர்."

"அப்பப் போயிப் பாத்துட்டு வந்து எழுது."

மறுநாள் முதல் பஸ். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வயலும் வாய்க்காலும் ஓடிவந்தன. இறங்கி, விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்தேன். ஆறரை மணி இருக்கும். அவர் மனைவி வாசலில் நின்று, ஈரத் துண்டால் அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி துண்டுக்குள்ளிருந்து பேசினார்.

"வாங்க தம்பி. காப்பி குடிச்சியளா? ஏட்டி, தம்பிக்குக் காப்பி குடு. சைக்கிள் ஸ்டாண்டுல ஆள் கேட்டாங்க, சேந்துட்டேன். உக்காந்து டோக்கன் குடுக்குத வேலதான்."

உள்ளே கோமு பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். விடுமுறை முடிந்து நர்ஸ் பள்ளி விடுதிக்குத் திரும்புகிறாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. "காப்பிக்குச் சீனி போதுமா?" என்று கேட்டாள்.

ஸ்டாண்டுக்குக் கூடவே போனேன். மில் ஷிப்ட் மாறும் நேரம். நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் ஒரே சமயத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே வந்தன. ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு இருமல். மில்லில் கூட வேலை பார்த்த பழைய சேக்காளி ஒருவர் சத்தம் போட்டார்: "என்னவே இசக்கி, ஷேர் வாங்குதேன், மொதலாளி ஆகுதேன்னு சொன்னீரு. சைக்கிள் மொதலாளியால்லா ஆயிட்டீரு!" துண்டுக்குள் அண்ணாச்சி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

பஸ்ஸிலேயே எழுதினேன். துண்டு, டோக்கன், இருமல், சீனி. டீச்சர் படித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் எழுதியதை அவர் முழுசாகப் படித்தது அதுதான் முதல் தடவை.

"வெலைக்கு ஆகாத பேப்பர்ல என்னமோ எழுதுவியே, அதவிட இது நல்லாருக்கு" என்றார். பிறகு, "இனிமே வியாழக்கிழம நீ அங்கன போ. அவரு இங்க வர வேண்டாம்."

நாலு வருடம் போனேன். ஏமாந்தவர்கள் சேர்ந்து போட்ட மனுக்கள், பிரமாணப் பத்திரங்கள், நகல்கள். எல்லாவற்றையும் சைக்கிள்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினேன். திரும்பி வந்த பணம் கொஞ்சம்தான். முதல் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்க தம்பி, பாக்காம விட்டதப் பாத்துட்டு வந்துருவோம்" என்று என்னையும் சாத்தான்குளத்துக்குக் கூட்டிப் போனார். ஊரிலிருந்து விலகி, பனைகளுக்கு நடுவே செம்மண்ணில், விரல் தடிமனில் காய்ந்த குச்சிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தகரத்தில் எண். ஆடு கடித்த மிச்சம். அண்ணாச்சி ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தார். வேரில்லை.

"இத ஒரு பஸ் டிக்கெட்டுல முடிச்சிருக்கலாம்" என்றார்.

நான் வரவே கூடாது என்று நினைத்த வாக்கியம் அதுதான்.

மீதிப் பாதியைக் கடைசிவரை அவரே பார்த்துக்கொண்டார். நன்றாகவே பார்த்துக்கொண்டார். வியாழக்கிழமைகளில் என்னை உட்கார வைத்துக் குடைவார். இந்த யூனிட் திட்டத்தில் வருடக் கூலி எவ்வளவு பிடிக்கிறார்கள், இந்தப் பத்திரத்தை நடுவில் உடைத்தால் என்ன, உமக்கு இதில் என்ன கிடைக்கும். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். நான் அவரிடம் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் போடச் சொல்லி அவர் ஒரு பைசாவை என் கையில் தந்ததில்லை. கோமுவின் படிப்பு நிற்கவில்லை. ஸ்டாண்டு வேலை ஆறு வருடம் நீடித்தது.

டீச்சர் இப்போது இல்லை. தொழிலை என்னிடம் விட்டுப் போகும்போது கரும்பலகையையும் தந்தார். மூலையில் அந்த வரியோடு. சாக்பீஸ் மங்கும்போதெல்லாம் நானே அதன்மேல் எழுதிவந்திருக்கிறேன், என் கையெழுத்தில், அண்ணாச்சியின் வரியை.

போன வாரம், பெட்டிகளெல்லாம் கட்டியான பிறகு, கோமு வந்தாள். வளைகுடாவில் இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். தலையில் நரை.

"கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன் மாமா. நானே பாக்கதா, யார்கிட்டயாவது விடுததான்னு ஒரே கொழப்பம். அப்பாட்டக் கேட்டேன். ஆக்ஸிஜன் வச்சுக்கிட்டுப் பேசக் கூடாதுன்னாலும் கேக்கலியே. 'ஆவுடைட்டப் போ. கேளு, குடுக்காத'ன்னாவ. அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க தப்பா எடுத்துக்கிடாதீய."

என் காது எரிந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே இடத்தில், அதே சூட்டோடு.

கட்டிய பெட்டியைப் பிரித்து ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, அப்பாவைப் போலவே வெகுநேரம் எழுதினாள். பிறகு ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டாள். நான் சொன்னேன். தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளும் ஜெனிபா கேட்டாள், எந்தப் பொத்தான் என்று. பதில் என் வாய்வரை வந்தது. கோமு கொண்டுவந்த அதே இரண்டு சொல். சொன்னால், யார் சொன்னது என்று கேட்பாள். இன்னும் நான் சொல்லவில்லை.